பழைய மெஷின் பறவை

அவனுக்குச் சக்கரம் என்று பெயர் வைத்தது அவனுடைய அக்கா. நடக்கத் தொடங்கிய நாளிலிருந்தே காலில் சக்கரம் கட்டியவன் போல வீட்டைச் சுற்றி வந்தானாம். நாற்பதை நெருங்கிய பிறகும் அந்தப் பெயர் உதிரவில்லை. பல் துலக்கிக்கொண்டே செருப்பைத் தேடுவான். செருப்பை மாட்டிக்கொண்டே சட்டைப் பொத்தானைப் போடுவான். பொத்தான்கள் ஒன்றுக்கொன்று இடம் மாறிக் கிடப்பதைப் பேருந்தில் யாராவது சொன்னால்தான் உண்டு. "உங்க வீட்டுக்காரர் இருக்காரா?" என்று பக்கத்து வீட்டில் கேட்டால், "இப்பதான் இந்தப் பக்கமா போனாரு" என்பாள் அவன் மனைவி, மதில்மேல் போன பூனையைப் பற்றிச் சொல்வது போல.

முதலில் பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை. பிறகு லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை. அதுதான் அவனுக்குப் பொருந்திய வேலை, நாள் முழுக்க மேலும் கீழும். அந்தக் கம்பெனி மூடியபோது அக்கா புருஷன் தன் கடைக்கு வரச் சொன்னார். மாமாவின் கடை, தொலைந்த தகவலைத் தேடி எடுத்துத் தரும் கடை. தவறி அழித்த புகைப்படங்கள், கீழே விழுந்த டிஸ்குகள், மெக்கானிக் துடைத்துவிட்ட கம்ப்யூட்டர்கள் எல்லாம் அங்கே வரும். கேட்கும்போது விறுவிறுப்பாகத்தான் இருந்தது. சேர்ந்த பிறகுதான் தெரிந்தது, அந்த வேலையில் முக்கால் பங்கு காத்திருப்பது.

கண்ணாடிக் கடைக்கு மேலே இரண்டாவது மாடி. ஜன்னலைத் திறந்தால் ஒரு வங்கியின் முதுகு தெரியும். அங்கே வரிசையாகத் தொங்கும் ஏசி பெட்டிகள் சொட்டிக்கொண்டே இருக்கும். உள்ளே நீள மேசை, அதன்மேல் வயிற்றைத் திறந்து வைத்த டிஸ்குகள், திரைகள். ஒவ்வொரு திரையிலும் ஒரு பச்சைக் கோடு இடமிருந்து வலமாக ஊரும். நத்தையாவது வழியில் ஈரத்தை விட்டுப் போகும், இது அதையும் செய்யாது. சக்கரம் அதன் முன்னால் உட்காருவான், எழுவான், ஜன்னலுக்குப் போவான், ஒரு ஸ்க்ரூவை எடுத்து இன்னொரு டப்பாவில் போடுவான், மறுபடியும் வந்து பார்ப்பான். கோடு நகர்ந்திருக்காது.

"மாப்ளே, நீ முறைச்சா அது பயந்து ஓடாது," என்பார் மாமா.

"நான் முறைக்கலை மாமா. பார்க்கிறேன்."

"பார்க்கிறதை உட்கார்ந்து பாரேன். நாற்காலிக்கும் வாடகை சேர்த்துத்தான் குடுக்கிறோம்."

ஆனாலும் ஒரு வேலையை அவன் விரும்பிச் செய்தான். அதைச் சொல்வதற்கு முன் டிஸ்கின் கதையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

ஒரு டிஸ்கைத் துடைத்துவிட்டால் எல்லாமே போய்விடுவதில்லை. எது எங்கே இருக்கிறது என்ற விவரம்தான் முதலில் போகிறது. ஒரு தெருவில் இருக்கும் கதவு எண்களையெல்லாம் சுரண்டிவிட்டது போல. ஆட்கள் உள்ளேதான் இருக்கிறார்கள், விலாசம்தான் இல்லை. அந்த வாசலில் புதிதாக யாராவது குடியேறினால்தான் பழைய ஆள் நிஜமாகவே போவார். தேடும் மென்பொருள் ஒவ்வொரு கதவாகத் தட்டி முகத்தைப் பார்க்கும். புகைப்படம் என்றால் தொடக்கம் இப்படி இருக்கும், பாட்டு என்றால் அப்படி இருக்கும் என்று அதற்கு நூற்றுக்கணக்கான முகங்கள் தெரியும். தெரியாத முகம் என்றால் பேசாமல் தாண்டிப் போய்விடும். பல் மருத்துவரின் கருவி, பூ வேலை செய்யும் மெஷின், யாரோ ஒரு பொறியாளர் தன் கம்பெனிக்காகவே செய்த ஏதோ ஒன்று, இவையெல்லாம் எழுதும் கோப்புகள் அந்த ரகம். அப்போது நாம்தான் அதற்கு முகத்தைச் சொல்லித் தர வேண்டும். அதே வகையில் நல்ல நிலையில் உள்ள சில கோப்புகளை வாங்கி, அவற்றை வெறும் எண்களாகத் திறந்து, எல்லாவற்றிலும் பொதுவாக எப்படித் தொடங்குகிறது, எப்படி முடிகிறது என்று பார்க்க வேண்டும். கடையில் அதைத் தலை, வால் என்பார்கள். இந்தத் தலையைக் கண்டால் பிடி, இந்த வாலைக் கண்டால் வெட்டு என்று எழுதிக் கொடுத்தால் மென்பொருள் அடுத்த சுற்றில் அந்த முகத்தையும் அடையாளம் கண்டுவிடும்.

இதில் காத்திருப்பு இல்லை, வேட்டை இருந்தது. அதனால் சக்கரத்துக்குப் பிடித்தது.

மாமா இந்த வேலைக்கு இரண்டு கட்டளைகள் வைத்திருந்தார். ஒன்று: "ஒரே வீட்டுப் பிள்ளைங்க மூணு பேரைப் பார்த்துட்டு, உலகத்துல எல்லாருக்கும் மூக்கு இப்படித்தான் இருக்கும்னு எழுதிடாதே." மாதிரிக் கோப்புகள் வேறு வேறு கையிலிருந்து, வேறு வேறு மெஷினிலிருந்து வந்திருக்க வேண்டும் என்று அர்த்தம். இரண்டாவது: வாடிக்கையாளரின் டிஸ்கை அப்படியே நகல் எடுத்து அந்த நகலில்தான் தேட வேண்டும், டிஸ்கைத் திருப்பிக் கொடுத்த பிறகும் நகலை ஒரு வாரமாவது வைத்திருக்க வேண்டும்.

மாமாவும் அக்காவும் உறவில் ஒரு கல்யாணத்துக்காக வெளியூர் போயிருந்தபோது ஓர் எம்பிராய்டரிக்காரம்மா வந்தாள். டிஸ்கை ஒரு தலையணை உறைக்குள் சுற்றி எடுத்து வந்திருந்தாள். உறையின் ஓரத்தில் கொடி ஒன்று ஓடியது, அவ்வளவு நேர்த்தியாக.

"தம்பி, இதுக்குள்ள ஒரு பறவை இருக்கா இல்லையான்னு எனக்குத் தெரியணும்," என்றாள்.

சக்கரம் டிஸ்கைத் தூக்கிக் காதருகே ஆட்டிப் பார்த்தான். பழக்கம் அப்படி. அவள் சிரிக்கவில்லை.

அவளும் தங்கையும் வீட்டு முன்னறையில் பூ வேலை செய்கிறார்கள். பள்ளிச் சட்டைக்குச் சின்னம், கடைச் சீருடைக்குப் பெயர், இப்படி. புதிதாகத் திறக்கிற ஒரு ஹோட்டலுக்குத் தலையணை உறைகள் கேட்டிருந்தார்கள், ஒவ்வொன்றிலும் ஒரு பறவை. பறவையை வரையும் வேலை தங்கையுடையது. கேட்டபோதெல்லாம் செய்து வைத்திருக்கிறேன் என்றாள். ஹோட்டலிலிருந்து ஆள் வந்த அன்று இவளே கம்ப்யூட்டரில் தேடினாள், பறவை அகப்படவில்லை. வந்தவர் எதிரிலேயே வாய் தடித்துவிட்டது. தங்கை நிதானமாக வந்து எடுத்துத் தருவதற்குள் கம்ப்யூட்டர் நின்றுவிட்டது. அவசரத்துக்கு அழைத்த மெக்கானிக் எல்லாவற்றையும் துடைத்துப் புதிதாக ஏற்றிவிட்டான். ஹோட்டல்காரர் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார். தங்கை அந்த வாரமே தன் மெஷினைத் தூக்கிக்கொண்டு தனி அறை பார்த்துப் போய்விட்டாள்.

"ஆர்டர் போனா போகுது. என் மூஞ்சியைப் பார்த்து, செஞ்சு வெச்சிருக்கேன்னு சொன்னா. அது நிஜமா பொய்யான்னு எனக்குத் தெரியணும். நிஜம்னா இதுக்குள்ள இருக்கணும்ல?"

"இருந்தா கிடைக்கும்," என்றான் சக்கரம். மாதிரிக்கு வேறு டிசைன்கள் கேட்டான். அவள் கைப்பையிலிருந்து ஒரு பென்டிரைவை எடுத்துக் கொடுத்தாள்.

அதிலிருந்து மூன்று டிசைன்களைத் திறந்தான். மூன்றுக்கும் முதல் வரி முழுக்க ஒன்றாகவே இருந்தது. அப்படி நீளமாகத் தலை கிடைப்பது அபூர்வம். தலை குட்டையாக இருந்தால் மென்பொருள் கண்டதையெல்லாம் பிடித்துவரும், பாட்டுக்கு நடுவிலிருந்தும் படத்துக்கு நடுவிலிருந்தும். அத்தனை குப்பையையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க உட்கார வேண்டும். தலை நீளமாக இருந்தால் குப்பை இல்லை, வேலையும் சீக்கிரம் முடியும். முழு வரியையும் எழுதிக் கொடுத்தான். மூன்றும் யார் செய்தவை, எந்த மெஷினுக்கு என்று கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று வாய் வரை வந்தது. அதற்குள் கை தட்டச்சு செய்துவிட்டது.

டிசைன்கள் கொத்துக் கொத்தாக வந்தன. பூக்கள், எழுத்துகள், ஒரு நீச்சல் குளத்தின் சின்னம், ஒரு கரடி. பறவை மட்டும் இல்லை. மேலிருந்து கீழே ஒரு முறை, கீழிருந்து மேலே ஒரு முறை பார்த்தான்.

"இல்லைங்க."

"நல்லாப் பார்த்தீங்களா?"

"இருந்தா வந்திருக்கும்."

அவள் தலையணை உறையை மடித்துக்கொண்டே இருந்தாள், அது மடிந்த பிறகும். "அப்போ பொய்தான்," என்றாள். வருத்தமா, நிம்மதியா என்று அவனுக்குப் பிடிபடவில்லை. கிடைத்த டிசைன்களோடு டிஸ்கையும் வாங்கிக்கொண்டு இறங்கிப் போனாள்.

அன்று மாலையே நகலையும் அழித்தான். முடிந்த வேலை கண்ணெதிரே கிடந்தால் அவனுக்கு உடம்பெல்லாம் ஊறும்.

அதற்குப் பிறகும் ஊறத்தான் செய்தது. வீட்டைப் பூட்டினோமா என்று பாதி வழியில் தோன்றுமே, அந்த மாதிரி ஒன்று. மேசையை மூன்று தரம் துடைத்தான். ஒழுகாத குழாய்க்கு வாஷர் மாற்றினான். "என்னத்தைத் தேடுறீங்க?" என்று மனைவி கேட்டாள். "ஒண்ணுமில்லையே." "ஒண்ணுமில்லாததை இப்படித் தேடி நான் பார்த்ததில்லை," என்றாள்.

மாமா ஊரிலிருந்து திரும்பிய மறுநாள், மதியத்துக்கு முன்பு தொலைபேசி வந்தது. எம்பிராய்டரிக்காரம்மாதான்.

"தம்பி, ஒரு உதவி. எங்க அம்மா நம்ப மாட்டேங்கிறாங்க. சின்னவ பொய் சொல்ல மாட்டாளாம். நீங்களே ஒரு வார்த்தை சொல்லிடுங்க. 'பழைய மெஷின்லயும் தேடச் சொன்னியா'ன்னு என்னைப் போட்டு நச்சரிக்கிறாங்க. தேடினீங்கதானே?"

"எந்தப் பழைய மெஷின்?"

"அவ மெஷின். அவ அதுக்கு மட்டும்தான் டிசைன் போடுவா. என்னோடது புதுசு, அவளுக்கு அது ஆகாது. கம்பெனி ஒண்ணுதான், எல்லாம் ஒண்ணுதானே?"

சக்கரம் நாற்காலியில் இருந்தான். எப்போது உட்கார்ந்தான் என்று அவனுக்கே தெரியவில்லை.

"நீங்க குடுத்த பென்டிரைவ்?"

"அது என்னோடது. என் டிசைன்தான் அதுல இருக்கு. அவளோடது என்கிட்ட ஏது?"

ஒரே வீட்டுப் பிள்ளைகள் மூவர். புது மெஷின் தன் அடையாளத்தையும் சேர்த்து எழுதிய வரி அது. அதை முழுவதுமாகத் தலை என்று எழுதிக் கொடுத்திருக்கிறான். அக்காவின் டிசைன்களையெல்லாம் வாரிக் கொண்டுவந்த மென்பொருள், தங்கையின் வாசல்களைத் தட்டிவிட்டு, இது அந்த முகம் இல்லை என்று போய்விட்டது.

"அந்த டிஸ்க் இப்போ எங்கே?"

"கம்ப்யூட்டர்லதான். காலையிலதான் மாட்டினோம். பொண்ணு ஏதோ சினிமாவெல்லாம் அதுல ஏத்திட்டிருக்கா."

"பிளக்கைப் பிடுங்குங்க."

"என்னது?"

"கம்ப்யூட்டர் பிளக்கை. முறைப்படி நிறுத்த வேண்டாம். அப்படியே பிடுங்குங்க. நான் வர்றேன்."

"எங்கே மாப்ளே?" என்று மாமா கேட்டது படிக்கட்டில் பாதி தூரத்தில்தான் காதில் விழுந்தது.

பேருந்து கிடைத்தது. கிடைத்த பேருந்து ஊர்ந்தது. அவன் பார்க்கும் பச்சைக் கோடுகளெல்லாம் இதைவிட வேகம். சிக்னலில் நின்றபோது பொறுக்க முடியாமல் குதித்து நடந்தான். அவன் நடக்கத் தொடங்கியதும் வழி கிடைத்த பேருந்து அவனைத் தாண்டிப் போனது. அடுத்த நிறுத்தத்தில் அவன் அதை எட்டிவிட்டான். ஏறலாமா என்று யோசித்தபோது மறுபடி அது கிளம்பியது. ஜன்னலோரம் இருந்த ஒரு பெரியவர், "தம்பி, ஒண்ணு உள்ள இருங்க, இல்லை வெளிய இருங்க, எங்களுக்குத் தலை சுத்துது," என்றார். ஒவ்வொரு சினிமாவும் உள்ளே இறங்க எத்தனை வாசல்களை இடித்திருக்கும் என்று அவன் மனம் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தது. பறவை எந்த வாசலில் இருக்கிறது என்று தெரியாதவரை அந்தக் கணக்குக்கு விடையில்லை.

எம்பிராய்டரிக்காரம்மா வீட்டு முன்னறையில் புது மெஷின் தலையைக் குனிந்து ஏதோ எழுத்தைத் தைத்துக்கொண்டிருந்தது. அதற்குப் பக்கத்தில் தரை மட்டும் நாலு கால் அளவுக்கு வெளுத்திருந்தது. பழைய மெஷின் இருந்த இடம்.

"அங்கிள், தொண்ணூறு சதவீதம் வந்துடுச்சு, அம்மா பிடுங்கிட்டாங்க," என்றாள் மகள், கல்லூரியில் படிக்கிற பெண். "அந்தப் பத்துக்கு நான் எங்கே போவேன்?"

"நல்ல வேளை," என்றான்.

"யாருக்கு?"

அவளுடைய அம்மாவிடம் திரும்பினான். உட்காரச் சொன்னாள். அவன் நின்றான்.

"நான் தப்பாத் தேடிட்டேங்க. உங்க மெஷின் எழுதறதை மட்டும்தான் தேடியிருக்கேன். உங்க தங்கச்சி மெஷின் எழுதறதைத் தேடவே இல்லை. பறவை இருக்குன்னு இப்பவும் சொல்ல முடியாது. இல்லைன்னு சொன்னது தப்பு. அதை மட்டும் சொல்லத்தான் ஓடி வந்தேன்."

அவள் மெஷினை நிறுத்தினாள். அறை திடீரென்று பெரிதாயிற்று.

"நீங்க இல்லைன்னு சொன்னீங்க. அந்த ஒரு வார்த்தையை வெச்சுக்கிட்டு நான் அவகிட்ட என்னென்ன பேசியிருக்கேன், தெரியுமா?"

"தெரியாதுங்க."

"தெரிஞ்சுக்க வேண்டாம்," என்றாள்.

தங்கையின் மெஷினில் போட்ட டிசைன் ஒன்றாவது மாதிரிக்கு வேண்டும் என்றான். அப்படி எதுவும் இந்த வீட்டில் இல்லை. மெஷினோடு போய்விட்டது. தங்கையை அழைத்துக் கேட்க முடியுமா என்றான். அவள் ஒரு நூல்கண்டை எடுத்து அதன் நுனியைத் தேட ஆரம்பித்தாள். மகள்தான், "அம்மா, நம்பரையாவது குடு" என்றாள். அம்மா தொலைபேசியைப் பார்க்காமல் மனப்பாடமாகச் சொன்னாள்.

அவன் வாசலில் நின்று அழைத்தான்.

"யாரு?" என்றது ஒரு குரல். பின்னால் மெஷின் ஓடும் சத்தம்.

"உங்க பறவை டிஸ்க்ல இல்லைன்னு சொன்ன ஆளுங்க."

"ஓ. நான் பொய்க்காரின்னு சொன்ன ஆளு."

"ஆமாங்க."

"இன்னும் ஏதாவது பாக்கி இருக்கா? சொல்லுங்க, கேட்டுக்கறேன்."

"நான் தேடினது தப்பு. திரும்பத் தேடணும். உங்க மெஷின்ல போட்ட டிசைன் ரெண்டு மூணு அனுப்பினீங்கன்னா போதும். வேற வேற நேரத்துல போட்டதா இருக்கட்டும்."

"எங்க அக்கா கேக்கச் சொன்னாளா?"

"இல்லைங்க. நான்தான் கேக்கறேன். அவங்க நம்பர் மட்டும் குடுத்தாங்க."

"போனைப் பார்த்துக் குடுத்தாளா?"

"மனப்பாடமா சொன்னாங்க."

அவன் டிஸ்கோடு கடைக்குத் திரும்பும் வழியிலேயே டிசைன்கள் வந்து சேர்ந்தன. மூன்று கேட்டவனுக்கு ஒரு குவியலையே அனுப்பியிருந்தாள்.

மாமா எல்லாவற்றையும் கேட்டார். தலை நீளத்தைப் பற்றிச் சொன்னபோது ம் கொட்டினார். நகலை அன்றைக்கே அழித்தேன் என்றபோதுதான் கண்ணாடியைக் கழற்றினார்.

"நகல் இருந்திருந்தா அந்தப் பொண்ணு ஊர்ல உள்ள சினிமாவையெல்லாம் ஏத்தினாலும் நமக்கென்ன? நீ சாப்பிட்டு முடிக்கறதுக்கு முன்னாடியே இலையை எடுக்கிற ஆளு. அடுத்தவன் இலையைக் கூட."

"சரி மாமா."

"சரின்னு சொல்லாதே. உட்காரு. இந்தக் கோடு முடியறவரைக்கும் அந்த நாற்காலியிலேர்ந்து நீ எழுந்தா, உங்க அக்காகிட்ட நான் சொல்லிடுவேன்."

முதலில் டிஸ்குக்குப் புது நகல் எடுத்தார்கள். அது ஊர்ந்து முடிந்தது. பிறகு அக்காவின் டிசைனையும் தங்கையின் டிசைனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் திறந்தான். இரண்டும் ஒன்றாகத்தான் தொடங்கின. வரியின் கால் பங்கு தாண்டியதும் பிரிந்தன. அதற்குப் பிறகு இருப்பது அந்தந்த மெஷினின் சொந்தப் பேச்சு. முடிவு மட்டும் இரண்டிலும் ஒன்று. அவன் எழுதியிருந்த நீளத் தலையில் பிரிந்த இடம் வரை வைத்துக்கொண்டு மிச்சத்தைப் பின்னாலிருந்து ஒவ்வொன்றாக அழித்தான். குட்டையான தலை. இவ்வளவுதான் உண்மையில் பொது.

தேடல் தொடங்கியது. குப்பை கொட்டியது. மகள் ஏற்றிய சினிமாக்களின் துண்டுகள், பாட்டின் துண்டுகள், எதுவுமில்லாத துண்டுகள் எல்லாம் டிசைன் வேஷம் போட்டுக்கொண்டு வரிசையில் நின்றன. பெயர் இல்லை, எண் மட்டும். ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தான். கால் மேசைக்கடியில் தனியாக ஓடிக்கொண்டிருந்தது. மாமா ஒரு முறை குனிந்து பார்த்து, "மேசை நடக்குது மாப்ளே," என்றார். வங்கியின் முதுகில் வெயில் இறங்கி ஏசி பெட்டிகளின் நிழல் நீண்டது. குப்பை, குப்பை, அக்காவின் பூ, குப்பை, அக்காவின் எழுத்து. பிறகு ஓர் இலை வந்தது. அக்கா போடாத மாதிரி இலை, நரம்பு நடுவிலிருந்து வெளியே ஓடியது. அவன் எழுந்துவிட்டான். மாமா பார்த்தார். உட்கார்ந்தான்.

இலைக்குப் பிறகு ஒரு நண்டு. ஒரு குடை. அப்புறம் நிறையக் குப்பை. அதற்குப் பிறகு பறவை.

வளைந்த கழுத்து, மடங்கிய இறக்கை, இறகுகளின் அடுக்கு, எல்லாம் நூல் கோடுகளாகத் திரையில் நின்றன. பின்பக்கம் வரும்போது கோடுகள் வெறி பிடித்துத் திரையின் ஓரத்துக்கு ஓடின. அந்த இடத்தில் ஒரு சினிமா உட்கார்ந்துவிட்டது. கோப்பின் முடிவு கிடைக்காமல் மென்பொருள் தோராயமாக வெட்டிக் கொடுத்திருந்தது.

எம்பிராய்டரிக்காரம்மா வந்தாள். திரைக்கு முன்னால் நின்று வெகுநேரம் பார்த்தாள்.

"வால் எங்கே?"

"போயிடுச்சுங்க. காலையில ஏத்தின படம் அது மேல விழுந்துடுச்சு. நான் அன்னைக்கே ஒழுங்காத் தேடியிருந்தா வாலும் இருந்திருக்கும்."

"அவ வாலைக் கடைசியிலதான் போடுவா," என்றாள் அவள், அவன் சொன்னதைக் காதில் வாங்காமல். "நாய் வரைஞ்சாலும் மீன் வரைஞ்சாலும் வால் கடைசி. சின்னதுலேர்ந்து." கழுத்தின் வளைவைத் திரைமேல் விரலால் தொடாமல் தொட்டாள். "செஞ்சு வெச்சிருக்கான்னுதானே ஆகுது."

"ஆமாங்க."

"என் மெஷின்ல ஓடுமா இது?"

"ஓடாது. பழைய மெஷினுக்குப் போட்டது."

அவள் பறவை ஏற்றிய பென்டிரைவை வாங்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். "நீங்க கொண்டுபோய்க் குடுத்துடறீங்களா? நீங்கதான் ஓடிட்டே இருக்கிற ஆளாச்சே."

வேறு நாளாக இருந்தால் அவள் கேட்டு முடிப்பதற்குள் அவன் தெருவில் இருந்திருப்பான். செருப்பு மாட்டியாயிற்று. "நான் வர்றேன். அவங்ககிட்ட நானும் ஒண்ணு சொல்லணும். ஆனா பென்டிரைவ் உங்க கையிலேயே இருக்கட்டும்," என்றான்.

பேருந்தில் அவள் உட்கார்ந்து வந்தாள், அவன் நின்று வந்தான். இறங்கி, ஒரு மருந்துக் கடையைத் தாண்டி, குறுகலான மாடிப்படி ஏறினார்கள். கதவுக்குப் பின்னால் பழைய மெஷின் தடதடத்துக்கொண்டிருந்தது. அவள் அழைப்பு மணிக்கு முன்னால் நின்றாள். நின்றுகொண்டே இருந்தாள். லிஃப்ட் பொத்தானையே மூன்று தரம் அழுத்துகிறவன் அவன். விரல்களைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

அவளே அழுத்தினாள். மெஷின் நின்றது.

கதவைத் திறந்த தங்கையின் சட்டையெல்லாம் நூல் துணுக்கு. அக்காவைப் பார்த்தாள், பிறகு அவனை. "நீங்கதானா அந்த ஆளு?"

"ஆமாங்க. பறவை இருந்தது. நீங்க சொன்னது நிஜம். நான் சொன்னதுதான் பொய்."

அக்கா கையை நீட்டினாள். "வால் இல்லை," என்றாள்.

தங்கை பென்டிரைவை எடுத்துக்கொள்ளாமல் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, "அன்னைக்கு போனை வைக்கிறதுக்கு முன்னாடி நீ என்ன சொன்னேன்னு ஞாபகம் இருக்கா?" என்றாள்.

"இருக்கு."

"எனக்கும் இருக்கு." சற்று ஒதுங்கி வழி விட்டாள். "பார்த்து வா. தரையில ஊசி கிடக்கும்."

அவனையும் உள்ளே வரச் சொன்னார்கள். வேலை இருக்கிறது என்றான். உள்ளே, "வாலைப் போடணுமே, ரெண்டு நாள் ஆகும்," என்றது சின்னக் குரல். "மெதுவாப் போடு, யாருக்கு அவசரம்?" என்றது பெரிய குரல். "இதை நீ சொல்றே," என்றது மறுபடி சின்னது.

படியிறங்கும்போது பழைய மெஷின் மீண்டும் ஓடத் தொடங்கியது. வாலுக்கு முன்பு வரை ஓட்டிப் பார்க்கிறார்கள் போலும். சக்கரம் பாதிப் படியில் நின்றான். இல்லைங்க என்று அவன் சொன்னது இவர்களிடம் மட்டும்தானா? முன்பு டிஸ்க் கொண்டுவந்த அந்தப் பல் மருத்துவர். வீட்டு வரைபடங்களைத் தொலைத்த ஒருவர். ஒரு மாதிரியை மட்டும் கொடுத்துவிட்டு, இல்லை என்றதும் நன்றி சொல்லிப் போன அந்தப் பெண். அவர்களும் கேட்டார்கள், நல்லாப் பார்த்தீங்களா என்று. இருந்தா வந்திருக்கும் என்றான்.

தொலைபேசியை எடுத்தான்.

"மாமா, நான் எழுதின தலையெல்லாம் இன்னும் மென்பொருள்ல இருக்குதானே? எதையும் அழிச்சிடலையே?"

"அழிக்கிறது உன் வேலை, என் வேலை இல்லை. எதைப் பார்க்கணும்?"

"எல்லாத்தையும்," என்று சொல்லிக்கொண்டே சக்கரம் மிச்சப் படிகளை இரண்டிரண்டாகத் தாண்டினான்.